ஒரே இடில சிஸ்டமும் போச்சு பேக்கப்பும் போச்சு – மலைல இருக்கறவங்க எப்படி வெச்சிருக்கீங்க?

லீஃப்கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். நான் கோத்தகிரி பக்கம் ஒரு பாட்லீஃப் டீ ஃபேக்டரில, அதாவது விவசாயிங்ககிட்ட இலை வாங்கி டீ போடற ஃபேக்டரில, ஆபீஸ் பாக்குறேன். கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல, ஆனா ஆபீஸ்ல வயசு கம்மிங்கறதால பிரிண்டர் மாட்டுனாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க, பேக்கப்பும் அப்படித்தான் என் தலைல வந்துச்சு.

போன மாசம் ஒரு நாள் மத்தியானம் மூணு மணி வரைக்கும் நல்ல வெயில், நாலு மணிக்கு இருட்டிட்டு வந்துச்சு, மழை கூட இன்னும் விழல, ஒரே ஒரு இடி. ஆபீஸ் சிஸ்டம், அதுல எப்பவும் சொருகியே இருக்கற யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க், ரூட்டர், சிசிடிவி டிவிஆர் எல்லாம் ஒரே ஸ்பைக் பஸ்டர்ல. எல்லாம் சேந்தே போச்சு. கருகுன வாசனை மட்டும் ரெண்டு நாள் இருந்துச்சு.

பேக்கப் இல்லாம இல்லீங்க. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு தானா அந்த யுஎஸ்பிக்கு காப்பி ஆகும், பச்சை டிக் வரும், நானும் பாத்துட்டு வீட்டுக்கு கிளம்பிடுவேன். அந்த டிக்க நம்பித்தான் ரெண்டு வருசம் ஓட்டுனேன். வெளிய இருந்த ஒரே காப்பி ஆடிட்டர்கிட்ட ஜிஎஸ்டிக்காக குடுத்திருந்த பென்டிரைவ், அது 43 நாள் பழசு.

43 நாள் இலை வரவு, 280 பேருக்கு மேல இலை போடறாங்க, மாசக் கடைசில எல்லாருக்கும் காசு போடணும். கடைசில எங்கள காப்பாத்துனது விவசாயிங்கதான். இலை எடை போட்டதும் ஒரு சீட்டு குடுப்போம், முக்காவாசி பேர் அத ரேஷன் கார்டு கூடவே பத்திரமா பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருந்தாங்க (நீலகிரில பிளாஸ்டிக் கவர்னு எழுதிட்டேன், யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க). ஒரு பாட்டி அஞ்சு வருச சீட்ட நூல்ல கோத்து கொண்டாந்தாங்க. நாலு பேர் உக்காந்து 11 நாள் திரும்ப எண்ட்ரி போட்டோம்.

இப்ப புது சிஸ்டம் வந்தாச்சு. முதலாளி கேக்கறது ஒரே கேள்வி, "இனிமே இது நடக்காதுன்னு சொல்லு". எனக்கு சொல்ல தைரியம் இல்ல. நீங்கல்லாம் என்ன பண்றீங்க?

---

மூடுபனி_ஹோம்ஸ்டே

ஐயோ பாவம். ஆனா அண்ணா இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம், கூகுள் டிரைவ்ல போட்டுட்டா முடிஞ்சுது. நான் புக்கிங் ஷீட்டு, கெஸ்ட் ஐடி ஸ்கேன், ஃபாரினர் வந்தா 24 மணி நேரத்துல ஏத்த வேண்டிய ஃபார்ம் காப்பி, எல்லாமே டிரைவ் ஃபோல்டர்லதான். லேப்டாப் போனாலும் போன்ல எடுத்துக்குவேன்.

---

குன்னூர்_சர்வீஸ்

நான் குன்னூர்ல சிஸ்டம், யுபிஎஸ் சர்வீஸ் பண்றேன், இந்த மாதிரி கேஸ் வருசத்துக்கு ஏப்ரல் மே ரெண்டு மாசத்துல மட்டும் பத்து பதினஞ்சு பாத்துடுவேன்.

ஸ்பைக் பஸ்டர் மேல பழிய போடாதீங்க. அதுக்குள்ள ஒரு சின்ன வட்டமான பார்ட் இருக்கும், எம்ஓவி, ஒவ்வொரு தடவ வோல்டேஜ் எகிறும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சுட்டே வரும். தேஞ்சு போச்சுன்னு வெளிய தெரியாது, லைட் எரியும், பிளக் வேலை செய்யும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. அதுவுமில்லாம பக்கத்துல இடி விழுந்தா அந்த அடிய தாங்க எந்த ஸ்பைக் பஸ்டராலயும் ஆகாது.

இன்னொன்னு, எல்லாரும் கரண்ட் ஒயர மட்டும் பாக்கறாங்க. நான் பாத்த பாதி கேஸ்ல உள்ள வந்த வழி லேன் ஒயரும் கேமரா ஒயரும்தான். கேட்டுல ஒரு கேமரா, இலை இறக்கற ஷெட்டுல ஒரு கேமரா, அங்கிருந்து 60 மீட்டர் செம்பு ஒயர் வெட்டவெளில இழுத்து நேரா ஆபீஸ் டிவிஆர்ல வந்து நிக்கும், இடிக்கு இத விட நல்ல பாதை வேணுமா? ஃபைபர் கேபிள் கண்ணாடி, அதுல கரண்ட் வராது, ஆனா ஃபைபர் பெட்டிக்கு போற அடாப்டர் கரண்ட்லதான இருக்கு.

உங்க எர்த் பிட், அதான் எர்த் கம்பி புதைச்ச குழி, கடைசியா எப்ப பாத்தீங்க? யுபிஎஸ் எப்பவும் பேட்டரி வழியாவே ஓடற ஆன்லைன் டைப்பா சாதாரணமா? ஜெனரேட்டருக்கு மாறும்போது சிஸ்டம் ஒரு தடவ முழிச்சு முழிச்சு வருமா? இத சொல்லுங்க.

டிஸ்க்குக்கு மட்டும் ஒரு வரி: காப்பி எடுத்த உடனே கழட்டுங்க. சொருகியே இருக்கறது பேக்கப் இல்ல, அது சிஸ்டத்தோட இன்னொரு பார்ட்.

---

தலைகுந்தா_குளிர்

ஊட்டிக்காரன், பெங்களூர்ல பத்து வருசமா சர்வர் வேலை.

ஹோம்ஸ்டே அக்கா சொன்னதுக்கு முதல்ல. டிரைவ்ல ஃபோல்டர் சிங்க் ஆகறது நல்லதுதான், ஆனா அது கண்ணாடி மாதிரி, நீங்க இங்க அழிச்சா அங்கயும் அழியும், இங்க கெட்டா அங்கயும் கெடும். குப்பைத்தொட்டில 30 நாள் இருக்கும், பழைய வெர்ஷனும் கொஞ்ச நாள் இருக்கும், அதுக்குள்ள கண்டுபுடிச்சா தப்பிச்சீங்க. போன வருச டிசம்பர் புக்கிங் ஷீட்ட யாரோ ஓவர்ரைட் பண்ணிட்டாங்கன்னு இந்த மே மாசம் தெரிய வந்தா? அதோட அந்த ஒரு ஜிமெயில் அக்கவுண்ட் லாக் ஆச்சுன்னா மொத்தமும் கையவிட்டு போச்சு.

லீஃப்கணக்கு அண்ணா, 3-2-1னு ஒரு கணக்கு உண்டு, பீட்டர் க்ரோக்னு ஒரு போட்டோகிராஃபர் எழுதி பரவுனது: மூணு காப்பி, ரெண்டு விதமான சாதனம், ஒன்னு வேற இடத்துல. உங்க யுஎஸ்பி டிஸ்க்க சேத்தா மொத்தம் ரெண்டே காப்பி, ரெண்டும் ஒரே மேஜை. ரெய்டுன்னு ஒரே டேட்டாவ ரெண்டு டிஸ்க்குல சேந்து எழுத வெச்சாலும் இதே கதைதான், ஒரு டிஸ்க் செத்தா இன்னொன்னு ஓடும், அவ்வளவுதான், தப்பா அழிச்சத திருப்பித் தராது.

ஆனா என்னைக் கேட்டா மலைக்கு இந்த "வேற இடம்"கற வார்த்தைய கொஞ்சம் கூட யோசிக்கணும். எங்க வீட்டுல ஒரு காப்பி இருக்குன்னு சொல்வாங்க. உங்க வீடு எங்க? ஃபேக்டரிக்கு மேல, அதே சரிவுல. 2009 நவம்பர் மழை ஞாபகம் இருக்கறவங்க இங்க இருப்பீங்க, மாவட்டத்துல 40 பேருக்கு மேல செத்தாங்க, குன்னூர், கேத்தி பக்கம் மண்ணு அப்படியே இறங்குச்சு. அன்னிக்கு ஒரே சரிவுல மேலயும் கீழயும் இருந்த ரெண்டு கட்டடமும் ஒன்னுதான். காப்பி மலைய விட்டு இறங்கணும்.

2021 மார்ச் 10 ராத்திரி பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க்ல ஓவிஹெச்னு சர்வர் வாடகைக்கு விடற கம்பெனியோட டேட்டா சென்டர் எரிஞ்சுது, ஒரு கட்டடம் முழுசா போச்சு. அங்க பேக்கப்புக்கு தனியா காசு கட்டுனவங்கள்லயே சில பேருக்கு அந்த பேக்கப்பும் அதே வளாகத்துல இருந்துச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அது நடந்துச்சு, அதனால யுஎஸ்பிய நினைச்சு வெக்கப்படாதீங்க.

---

பழைய_பேரேடு

நான் 1988ல இருந்து கணக்கு எழுதறேன். எனக்கு டிஸ்க்கும் வேணாம் க்ளவுடும் வேணாம். இந்த இழைலயே பாருங்க, கடைசில நின்னது எது? பேப்பர் சீட்டு! கார்பன் வெச்சு ரெண்டா எழுதி ஒன்ன விவசாயிகிட்ட குடுத்தா 280 வீட்டுல 280 காப்பி, எந்த இடியும் ஒன்னும் பண்ணாது. நீங்க என்னமோ ஸ்ட்ராஸ்பூர்க்ங்கறீங்க.

---

தலைகுந்தா_குளிர்

ஐயா, சண்டைக்கு வரல, நீங்க சொன்னது உண்மையிலயே சரி. கம்ப்யூட்டரோட சேத்து மூணு காப்பி, ஒன்னு வேற இடம், யாரும் திருத்த முடியாது, இன்னிக்கு பெரிய கம்பெனிங்க இதத்தான் காசு குடுத்து வாங்கறாங்க, எழுதுன பிறகு குறிச்ச நாள் வரைக்கும் அழிக்கவே முடியாதபடி பூட்டற ஸ்டோரேஜ்னு. நம்ம பாட்டி நூல்ல கோத்து வெச்சது அதேதான்.

ஆனா மீட்டெடுக்க 11 நாள் ஆச்சே. நாலு பேர், 11 நாள். அதுவும் கோத்து வெச்சிருந்தவங்க கணக்கு மட்டும்.

---

பழைய_பேரேடு

11 நாள் சரி. அத ஒத்துக்கறேன்.

---

ஆடிட்அக்கா

தம்பி, கதைய கேட்டு வயிறு எரியுது, உங்க ஆடிட்டர் நான் இல்லங்கறது வரைக்கும் சந்தோஷம்.

சட்டத்த சொல்லிடறேன், ஏன்னா "நாங்க சின்ன ஆளு, எங்களுக்கு எதுக்கு பேக்கப்"னு சொல்ற முதலாளிகிட்ட காட்ட ஒரு பேப்பர் வேணும்ல. ஜிஎஸ்டி கணக்கு, அந்த வருச ஆனுவல் ரிட்டர்ன் கடைசி தேதில இருந்து 72 மாசம் வெச்சிருக்கணும், 36ஆவது பிரிவு. எலெக்ட்ரானிக்கா வெச்சிருந்தா 57ஆவது விதில தெளிவாவே போட்டிருக்கு, விபத்துலயோ இயற்கை சீற்றத்துலயோ அழிஞ்சா நியாயமான காலத்துக்குள்ள மீட்கற மாதிரி முறையான பேக்கப் இருக்கணும்னு. இடி விழுந்துச்சு மேடம்னு ஆபீசர்கிட்ட போய் நின்னா அவர் இந்த விதியத்தான் காட்டுவார். பிரைவேட் லிமிடெட்டா இருந்தா இன்னும் ஒரு படி மேல, 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்கு அப்புறம் கணக்கு பேக்கப் இந்தியாவுக்குள்ள இருக்கற சர்வர்ல, தினசரி. முன்னாடி "அவ்வப்போது"ன்னு இருந்தத தினசரின்னு மாத்திட்டாங்க. பார்ட்னர்ஷிப்புக்கு இது வராது.

அப்புறம் டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல நிறைய பேர் பண்ற தப்பு. ஆல்ட் ஒய் அழுத்தி டேட்டால போய் பேக்கப் எடுக்காம, டேட்டா ஃபோல்டர்ல இருக்கற அந்த 10000, 10001 நம்பர் போட்ட ஃபோல்டர அப்படியே காப்பி அடிப்பாங்க. டேலி மூடியிருந்தா பரவால்ல. திறந்து ஒருத்தர் வவுச்சர் போட்டுட்டு இருக்கும்போது ஆறு மணி காப்பி ஓடுச்சுன்னா பாதி பழசு பாதி புதுசா வரும், திறக்கும்போதுதான் தெரியும்.

லீஃப் எடை சாஃப்ட்வேர் எதுல இருக்கு?

---

லீஃப்கணக்கு

அக்கா அது யாரோ கோயமுத்தூர்ல எழுதிக் குடுத்தது, உள்ள எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்னு வரும். ஆறு மணி காப்பில அந்த ஃபோல்டரும் இருந்துச்சு.

குன்னூர் அண்ணா, எர்த் பிட் எங்க இருக்குன்னே இன்னிக்குத்தான் தேடுனேன், விறகு அடுக்கி வெச்சிருக்காங்க மேல. யுபிஎஸ் சாதாரணம். ஜெனரேட்டர் மாறும்போது ஆமா முழிக்கும்.

---

தலைகுந்தா_குளிர்

அண்ணா உக்காந்துட்டு படிங்க. எஸ்க்யூஎல் சர்வர்ங்கறது டேட்டாவ வெச்சுக்கற ஒரு டேட்டாபேஸ் சாஃப்ட்வேர், அது ஓடிட்டு இருக்கும்போது அதோட டேட்டாபேஸ் ஃபைல சாதாரண காப்பியால தொடவே முடியாது, பூட்டி வெச்சிருக்கும். உங்க காப்பி புரோகிராம் அத தாண்டிப் போயிட்டு மத்த ஃபைல எல்லாம் காப்பி அடிச்சு பச்சை டிக் போட்டிருக்கும். அதாவது அந்த யுஎஸ்பி டிஸ்க் இடில பிழைச்சிருந்தாலும் இலைக் கணக்கு அதுல இருந்திருக்காது. அந்த புரோகிராம் என்ன பண்ணுச்சுன்னு குறிச்சு வெக்கற லாக் ஃபைல்ல எழுதியிருக்கும், யாரு படிக்கறா.

அந்த டேட்டாபேஸ்கிட்டயே பேக்கப் எடுக்கச் சொல்லணும், அது தனியா ஒரு பேக்கப் ஃபைல் எழுதித் தரும், அத எங்க வேணா காப்பி அடிக்கலாம். எக்ஸ்பிரஸ் பதிப்புல நேரம் குறிச்சு ஓட்டற வசதி கிடையாது, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்ல நாலு வரி ஸ்கிரிப்ட் போட்டா போதும், தனியா மெசேஜ் பண்ணுங்க, எழுதித் தர்றேன்.

---

லீஃப்கணக்கு

ரெண்டு வருசம். ரெண்டு வருசமா இல்லாத ஒன்ன பாத்து நிம்மதியா வீட்டுக்கு போயிருக்கேன்.

---

தலைகுந்தா_குளிர்

நீங்க மட்டும் இல்ல. 2017 ஜனவரி 31 ராத்திரி கிட்லாப்னு ஒரு கம்பெனி, சாஃப்ட்வேர் எழுதறவங்களுக்கே சாஃப்ட்வேர் விக்கறவங்க, அங்க ஒருத்தர் களைப்புல தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டர அழிச்சுட்டார். அஞ்சு விதமா பேக்கப், காப்பின்னு வெச்சிருந்தாங்க, அவசரத்துக்கு ஒன்னும் ஒழுங்கா கைகொடுக்கல. தினசரி பேக்கப்புக்கு போட்டிருந்த புரோகிராம் வேற வெர்ஷன், ஓடவே இல்ல, ஓடலைன்னு வந்த மெயிலையும் மெயில் சர்வர் தள்ளிவிட்டுருச்சு. வேற வேலைக்காக யாரோ ஆறு மணி நேரம் முன்னாடி கையால எடுத்து வெச்சிருந்த ஒரு காப்பிதான் காப்பாத்துச்சு. அவங்க அத மறைக்காம எல்லாத்தையும் வெளிப்படையா எழுதிப் போட்டாங்க, அதனாலதான் நமக்கு தெரியுது.

---

கூடலூர்_ஸ்டுடியோ

நான் கல்யாண போட்டோ வீடியோ. என்கிட்ட 4 டிபி இருக்கு. எல்லாரும் க்ளவுடுல ஏத்து க்ளவுடுல ஏத்துங்கறாங்க, எங்க ஏரியாவுல அப்லோடு நல்ல நாள்ல 20 எம்பிபிஎஸ், கணக்குப் போட்டேன், ஒரு நிமிசம் கூட நிக்காம ஓடுனா 18 நாளைக்கு மேல. கூடலூர்ல ஜூலைல 18 நாள் நிக்காம ஒன்னு ஓடுச்சுன்னா அது மழை மட்டும்தான்.

அதனால டிஸ்க்குதான். ஆனா டிஸ்க்குக்கு இங்க இன்னொரு எதிரி, ஈரம். லென்ஸ்ல பூஞ்சை வர்ற ஊர்ல டிஸ்க் போர்டுல துரு வராதா? ரப்பர் வளையம் வெச்ச இறுக்கமான டப்பா, சிலிக்கா ஜெல், நிறம் மாறுனா காய வெச்சு திரும்ப போடறது. குளிர்ல இருந்து எடுத்துட்டு வந்த உடனே சொருகக் கூடாது, கண்ணாடில ஆவி படியற மாதிரி உள்ளயும் படியும், ஒரு மணி நேரம் ரூம்ல கிடக்கட்டும். எஸ்எஸ்டிய, அதான் சுத்தற பாகம் இல்லாத சிப் டிஸ்க்க, மட்டும் பீரோல போட்டு மறந்துடாதீங்க, கரண்டே காட்டாம வருசக்கணக்கா வெச்சா அதுல டேட்டா மங்கிப் போக வாய்ப்பு இருக்கு, நீண்ட நாளைக்கு சுத்தற டிஸ்க்கே தேவலாம்.

---

ஹட்டிபையன்

எங்க சித்தப்பா கடைல (ஊர் சொல்லல) வேற மாதிரி. இடி எல்லாம் இல்ல. பில்லிங் சாஃப்ட்வேர் ஆளு தூரத்துல இருந்து பாக்கறதுக்காக ரிமோட் டெஸ்க்டாப்ப அப்படியே இன்டர்நெட்டுக்கு திறந்து விட்டிருந்தார், பாஸ்வேர்ட் கடை பேர் கூட 123. ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி எவனோ உள்ள பூந்து எல்லா ஃபைலையும் பூட்டிட்டு ஒரு நோட்பேட் ஃபைல்ல காசு கேட்டு எழுதி வெச்சுட்டான். சொருகியிருந்த டிஸ்க்கும் பூட்டியாச்சு. விண்டோஸ் தானா எடுத்து வெக்கற ஷேடோ காப்பி இருக்கும்னு பாத்தோம், முதல்ல அதத்தான் அழிச்சிருக்கான்.

காசு குடுக்கல. 1930க்கு போன் பண்ணி புகார் குடுத்தோம். நோ மோர் ரான்சம்னு யூரோபோல், டச்சு போலீஸ் எல்லாம் சேந்து 2016ல இருந்து நடத்தற ஒரு சைட் இருக்கு, சில ரகத்துக்கு சாவி இலவசமா கிடைக்கும், எங்க ரகத்துக்கு கிடைக்கல. பூட்டுன டிஸ்க்க அழிக்காம வெச்சிருக்கோம், என்னிக்காவது சாவி வரலாம்.

---

தலைகுந்தா_குளிர்

அதனாலதான் எங்கயும் சொருகாத காப்பி ஒன்னு வேணும்ங்கறது.

இதுக்கு எனக்கு புடிச்ச கதை ஒன்னு, அதுவும் கரண்ட் கட் கதை. 2017 ஜூன்ல நாட்பெட்யான்னு ஒரு வைரஸ் உலகம் பூரா அடிச்சுது, கப்பல் கம்பெனி மேர்ஸ்க் மொத்தமா படுத்துருச்சு, துறைமுகத்துல லாரிங்க வரிசைல நிக்குது. யாரு யாருக்கு என்ன அனுமதின்னு வெச்சிருக்கற டொமைன் கன்ட்ரோலர் சர்வர் 150 பக்கம், ஒன்னுக்கொன்னு காப்பி. ஒன்னு போனா இன்னொன்னு இருக்கேன்னு நம்பி இருந்தாங்க, எல்லாம் ஒரே நேரத்துல அழியும்னு யாரும் நினைக்கல. தேடிப் பாத்தா கானா நாட்டு ஆபீஸ்ல மட்டும் ஒன்னு உயிரோட இருக்கு, ஏன்னா அந்த நேரம் பாத்து அங்க கரண்ட் கட், அதனால நெட்வொர்க்ல இல்ல! லண்டன் பக்கத்துக்கு அனுப்பலாம்னா கானால நெட் ஸ்லோ, நாள்கணக்கா ஆகும். ஆள்கிட்ட குடுத்தனுப்பலாம்னா அங்க இருக்கறவங்க யாருகிட்டயும் பிரிட்டன் விசா இல்ல. ஒருத்தர் நைஜீரியா வரைக்கும் பறந்து போய் ஏர்போர்ட்ல இன்னொருத்தர் கைல டிஸ்க்க குடுத்தார். அப்புறம் 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர் பத்து நாள்ல திரும்ப ஏத்துனாங்க.

கூடலூர் அண்ணா, க்ளவுடுக்கு பதிலா டிஸ்க்க பஸ்ல குடுத்தனுப்புனாலும் அது கேவலம் எல்லாம் இல்லைன்னு சொல்லத்தான் இவ்வளவும்.

---

மூடுபனி_ஹோம்ஸ்டே

கானால கரண்ட் கட்டு காப்பாத்துச்சா 😄 எங்க வீட்டுல கரண்ட் போனா கெஸ்ட் ஸ்டார் குறைக்கறாங்க.

சரி எனக்கு ஒரு டவுட்டு, ரெண்டாவது காப்பி வெச்சுட்டேன்னு வெச்சுக்குவோம். 2019 ஆகஸ்ட் மாதிரி வந்தா? அவலாஞ்சில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல பேஞ்ச வாரம், எங்க பக்கம் கரண்ட் இல்ல, டவர் இல்ல, நெட் இல்ல, ரோடும் இல்ல. க்ளவுடுல பத்திரமா இருக்கு, சரி, எத வெச்சு எடுக்கறது?

---

தலைகுந்தா_குளிர்

அக்கா, இந்த இழைலயே நல்ல கேள்வி இதுதான், பெங்களூர்ல இருக்கறவனுக்கு இது தோணாது. கீழ ஊர்ல ஒன்னு போனா இன்னொன்னு இருக்கும். நம்ம ஊர்ல கரண்ட், நெட், ரோடு மூணும் கைகோத்துட்டு போகும். மண்ணு சரிஞ்சா கம்பமும் அதே மண்ணுல, ஃபைபரும் அதே ரோட்டோரத்துல. அதனால மேல ஒன்னு, கீழ ஒன்னு, ரெண்டும் வேணும். மேல இருக்கறது ரோடு இல்லாத நாளுக்கு, கீழ இருக்கறது கட்டடமே இல்லாத நாளுக்கு.

ரெண்டு கேள்விய முதலாளிகிட்ட கேட்டு எழுதி வாங்குங்க. ஒன்னு, எத்தனை நாள் கணக்கு போனா திரும்ப எழுதிக்கலாம்? ரெண்டு, கம்ப்யூட்டர் இல்லாம எத்தனை மணி நேரம் தொழில் ஓடும்? எங்க வேலைல ஆர்பிஓ, ஆர்டிஓன்னு பேர் வெச்சு பயமுறுத்துவாங்க, விசயம் இவ்வளவுதான். பதில் வந்தாத்தான் எவ்வளவு செலவு பண்றதுன்னு தெரியும்.

---

லீஃப்கணக்கு

கேட்டேன். முதலாளி முதல் கேள்விக்கு "ஒரு நாள்"னார். ரெண்டாவதுக்கு சிரிச்சார். "பறிச்ச இலை உன் கம்ப்யூட்டருக்காக காத்திருக்குமாடா, சாக்குலயே சூடேறி செவந்துடும்"னார். அதனால எடை போடறது நிக்கவே கூடாது, பேட்டரி தராசும் பத்து கார்பன் சீட்டு புக்கும் ஷெட்டுலயே இருக்கும்னு முடிவு. பேரேடு ஐயாவுக்கு சந்தோஷமா இருக்கும்.

---

பழைய_பேரேடு

சீட்டு புக்குல வரிசை எண் அச்சடிச்சு வாங்குங்க. இல்லைன்னா அப்புறம் கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது எது விட்டுப் போச்சுன்னு தெரியாது. இத யாரும் சொல்லித் தரமாட்டாங்க.

---

ஆடிட்அக்கா

டிஸ்க்க பஸ்ல அனுப்பறதுன்னா பூட்டி அனுப்புங்க. 280 பேர் பேங்க் அக்கவுண்ட், ஆதார் நகல் எல்லாம் அதுல இருக்கும். விண்டோஸ்ல இருக்கற பிட்லாக்கர் பூட்டு போட்டா 48 இலக்க மீட்பு எண் வரும், அத பேப்பர்ல எழுதி ரெண்டு பேர்கிட்ட குடுங்க. ஒரு கிளையண்ட் அந்த எண்ண அதே லேப்டாப் டெஸ்க்டாப்ல சேவ் பண்ணி வெச்சிருந்தார், சாவிய பீரோக்குள்ள வெச்சு பூட்டுன கதை.

---

லீஃப்கணக்கு

மூணு வாரம் கழிச்சு வர்றேன், பெருசா இருக்கும், பொறுத்துக்கங்க.

தலைகுந்தா தம்பி எழுதிக் குடுத்த ஸ்கிரிப்ட் மத்தியானம் ஒன்னு, ராத்திரி ஒன்னு பேக்கப் ஃபைல் எழுதுது. டேலி பேக்கப் சாயங்காலம் நானே டேலிக்குள்ள இருந்து எடுக்கறேன், அதுக்கப்புறம்தான் கிளம்பறேன். ராத்திரி ரெண்டும் சேந்து க்ளவுடுக்கு போகுது, மும்பை சர்வர், 90 நாள் பழைய வெர்ஷன் அழிக்க முடியாதபடி பூட்டியிருக்கு. கணக்கு மட்டும்தான அனுப்பறோம், ரெண்டு ஜிபி கூட இல்ல, பத்து பதினஞ்சு நிமிசத்துல போயிடுது. அப்புறம் மூணு யுஎஸ்பி டிஸ்க், ஒன்னு ரெண்டு மூணுன்னு பெயிண்ட்ல எழுதியாச்சு. ஒன்னு ஃபேக்டரி பீரோல டப்பாக்குள்ள, ஒன்னு மேட்டுப்பாளையத்துல முதலாளி மச்சான் வீட்டுல, ஒன்னு வழில.

போன ஞாயித்துக்கிழமை ரிகர்சல் பாத்தோம். முதலாளி பையனோட பழைய லேப்டாப், ஒன்னுமே இல்லாம சுத்தமா துடைச்சது, அத குடுத்து, இதுதான் இனிமே ஆபீஸ், ஓட வைன்னாங்க. நெட்ட வேணும்னே புடுங்கிட்டாங்க.

டேட்டா வந்துருச்சு, அதுல ஒன்னும் பிரச்சனை இல்ல, 20 நிமிசம். ஆனா டேலி லைசென்ஸ் இல்லாம எஜுகேஷனல் மோடுல திறக்குது, 1, 2, 31 தேதிக்கு மட்டும்தான் வவுச்சர் போட முடியும். லைசென்ஸ் எடுக்க நெட்டு வேணும், ஐடி பாஸ்வேர்ட் வேணும், அது யாரு மெயில்ல இருக்குன்னா ரெண்டு வருசம் முன்னாடி வேலைய விட்டுப் போன அக்கவுண்டன்ட் மெயில்ல. எடை சாஃப்ட்வேர் செட்டப் சிடியே எங்ககிட்ட இல்ல, கோயமுத்தூர்க்காரர் போன எடுக்கல. பிரிண்டர் டிரைவர் இல்ல. மொத்தத்துல டேட்டா 20 நிமிசம், மத்தது அஞ்சரை மணி நேரம்.

இப்ப மூணு டிஸ்க்குலயும் "முதல்ல இத திற"ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு செட்டப் ஃபைல் எல்லாம் அதுல போட்டாச்சு. ஐடி பாஸ்வேர்ட், யாருக்கு போன் பண்ணணும், எந்த வரிசைல பண்ணணும் எல்லாம் ரெண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து கவர்ல ஒட்டி ஒன்னு முதலாளி அம்மாகிட்ட, ஒன்னு மேட்டுப்பாளையம்.

ரெண்டாவது ரிகர்சல் அடுத்த மாசம், அதுல நான் கிடையாது. சாவித்திரி அக்கா இலைச் சீட்டு எழுதறவங்க, அவங்க அந்த பேப்பர மட்டும் வெச்சு பண்ணணும். நான் லீவுல இருக்கற நாள்தான் இடி விழும்ங்கறார் முதலாளி.

---

தலைகுந்தா_குளிர்

அண்ணா எங்க கம்பெனில இதுக்கு ஒரு டீமே இருக்கு, ஆனா ஆள மாத்தி ரிகர்சல் பாத்தது கிடையாது. சொல்லிப் பாக்கறேன்.

---

கூடலூர்_ஸ்டுடியோ

வழில இருக்கற டிஸ்க்கு எப்படி போகுது? எனக்கும் மேட்டுப்பாளையத்துல ஒரு இடம் வேணும்.

---

லீஃப்கணக்கு

மச்சான் பொண்ணு கோத்தகிரில ஹாஸ்டல்ல படிக்குது, சனிக்கிழமை மதியம் பஸ் ஏறும், டிபன் டப்பா கூடவே போயிடும். ரோடு மூடுனா அந்த வாரம் போகாது, அதுக்குத்தான் மூணு டிஸ்க்.

---

குன்னூர்_சர்வீஸ்

எல்லாம் சரி, அந்த எர்த் பிட் மேல இருந்த விறக எடுத்தாச்சா? அதப் பத்தி மூச்சே காணோம்.

---

லீஃப்கணக்கு

அது… இன்னும் இல்லண்ணா.

---

குன்னூர்_சர்வீஸ்

தெரியும். ஞாயித்துக்கிழமை மீட்டர எடுத்துட்டு வர்றேன், கேமரா ஒயருக்கு எகிறற வோல்டேஜ தடுக்கற சர்ஜ் அரெஸ்டரும் ரெண்டு இருக்கு, காசு அப்புறம் பாத்துக்கலாம். டீ மட்டும் நல்ல கிரேடா போடுங்க, டஸ்ட்ட போட்டு ஏமாத்தாதீங்க.